பம்ப் மேல் பழி போடுவதற்கு முன்னால்: படகு எஞ்சின் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். சறுக்குப் படகு, பெட்ரோல் பம்ப், நடுத்தண்ணீரில் நின்றுபோன எஞ்சின். டிசம்பர் விடுமுறைக்கு படகை இறக்கியவர்கள் ஜனவரியில் எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம்ம டர்பன் பக்கம் ஸ்கீ போட் என்று சொன்னால், அலையைத் தாண்டிக் கடலுக்குள் போய் மீன் பிடிக்கும் படகைத்தான் நினைப்பார்கள், பின்னால் வெளியே தொங்குகிற இரண்டு எஞ்சின், அதாவது அவுட்போர்டு, மாட்டியிருக்கும். இங்கே நான் பேசுவது பெரும்பாலும் அதைப் பற்றி இல்லை. அணைத் தண்ணீரில் கயிறு கட்டி ஆளை இழுக்கிற, கார் எஞ்சின் மாதிரி ஒரு வி8 எஞ்சினை நடுவில் பெட்டிக்குள்ளோ பின் இருக்கைக்கு அடியிலோ வைத்திருக்கிற இன்போர்டு சறுக்குப் படகைப் பற்றி. கடல் படகுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் ஹேசல்மியர் அணையில் ஓட்டுகிறோம். 1987-இல் செய்த இன்போர்டு படகு, ஃபோர்டு 351 எஞ்சின், நாலு வாய் கார்புரேட்டர், எஞ்சினோடு பொருத்திய மெக்கானிக்கல் பம்ப். மெதுவாகப் போனால் ஒரு குறையும் இல்லை. மகனை இழுத்துக்கொண்டு 50 கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் திக்குகிறது, பத்து நிமிடத்தில் நின்றேவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. கரையில் பார்த்தவர்கள் எல்லோரும் பம்ப்தான் என்கிறார்கள். இதே எஞ்சினுக்கான கார் பம்ப் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. அதைப் போடலாமா? நானே மாற்ற முடியுமா? (வெருலம் வாசகர்)

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நீங்களே மாற்றலாம், இரண்டு போல்ட், இரண்டு குழாய், அவ்வளவுதான். கார் பம்ப் போடக்கூடாது, அது ஏன் என்று கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் குற்றவாளி பம்ப்தான் என்று எனக்கு இன்னும் நிச்சயமாகவில்லை.

ஏன் என்று கேளுங்கள். உங்கள் எஞ்சின் சும்மா ஓடும்போது மணிக்கு மூன்று நாலு லிட்டர் குடிக்கும். முழு வேகத்தில் ஆளை இழுக்கும்போது அதே எஞ்சின் மணிக்கு 70 லிட்டர் பக்கம் கேட்கும். ஆக, டாங்கில் இருந்து கார்புரேட்டர் வரை உள்ள பாதையில் எங்கே ஒரு சின்ன அடைப்பு இருந்தாலும் மெதுவாகப் போகும்போது தெரியாது, வேகத்தில்தான் தெரியும். பம்ப் அந்தப் பாதையில் நடுவில் இருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். அவருக்கு முன்னால் டாங்கின் காற்றுத் துளை, டாங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய், டாங்க் வாயிலில் இருக்கும் ஆன்டி சைஃபன் வால்வு, ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் எல்லாம் இருக்கின்றன. இதில் எது அடைத்தாலும் பம்ப் பட்டினி கிடக்கும், பழி மட்டும் பம்ப் மேல் விழும்.

பத்து நிமிடத்தில் நிற்பது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாவது என்றாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது டாங்கின் காற்றுத் துளைதான். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வர வழியில்லை என்றால் டாங்குக்குள் வெற்றிடம் பிடிக்கும், பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்து முடியாமல் விட்டுவிடும். நிறுத்தி வைத்தால் மெல்ல மெல்லக் காற்று கசிந்து உள்ளே போய்விடும், மறுபடி ஓடும். படகைச் சில மாதம் கராஜில் விட்டால் அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டிவிடும், சிலந்தி வலை பின்னிவிடும். எங்கள் நடாலில் இது ரொம்ப சகஜம். அடுத்த முறை எஞ்சின் நின்றவுடனே எஞ்சினைத் தொடாதீர்கள், பெட்ரோல் மூடியைத் திறங்கள். ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால், அப்புறம் எஞ்சின் சரியாக ஓடினால், விடை கிடைத்துவிட்டது. ஒரு காசு செலவில்லை.

சத்தம் இல்லையா, சரி, அடுத்தது ஃபில்டர். சுழற்றிக் கழற்றுகிற மாதிரி ஃபில்டராக இருந்தால் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் கொஞ்ச நேரம் வையுங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நிற்கிறதா, துரு, கறுப்புத் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். கறுப்புத் தூள் என்றால் பழைய ஹோஸ் உள்ளே இருந்து உரிகிறது என்று அர்த்தம். 1987 படகில் ஹோஸை யாரும் மாற்றவில்லை என்றால், பம்ப் நல்லதோ கெட்டதோ, ஹோஸ் மாற்றத்தான் வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இப்போது இந்தச் சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அவுட்போர்டுக்காரர் ஒருவரிடம் கையில் தூக்குகிற சின்ன பெட்ரோல் டாங்கைக் கடன் வாங்குங்கள். பம்புக்கு உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி, அந்த வாயை அடைத்துவிட்டு, சின்ன டாங்கின் ஹோஸை நல்ல கிளிப் போட்டு பம்போடு இணையுங்கள். ஹோஸின் உள்வாய் குறுகலாக இருக்கக்கூடாது, இல்லையென்றால் சோதனையே தப்பாகிவிடும். அணையில் ஒரு சுற்று முழு வேகத்தில் ஓட்டுங்கள். படகு நன்றாக ஓடினால் பம்ப் குற்றமற்றவர், கோளாறு டாங்க் பக்கம். அதே மாதிரி திக்கினால் பம்பும் கார்புரேட்டரும்தான் பாக்கி. ஒரு மணி நேர வேலையில் பாதிப் படகை விசாரணையில் இருந்து விடுவித்துவிடலாம்.

டாங்க் பக்கம் என்று தெரிந்தால் அந்த ஆன்டி சைஃபன் வால்வைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஹோஸ் எங்காவது அறுந்தால் டாங்க் பெட்ரோல் தானாக வடிந்து படகுக்குள் கொட்டாமல் தடுப்பது அதன் வேலை. துருப்பிடித்தால் பாதிதான் திறக்கும். சிலர் அந்தக் குண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் நிப்பிளைப் போடுகிறார்கள். படகு பறக்கும், உண்மைதான். ஆனால் ஒரு ஹோஸ் வெடித்த நாளில் டாங்க் முழுக்கக் காலடியில் வந்து நிற்கும். புதிது வாங்கிப் போடுங்கள்.

பம்ப் பக்கம் என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, பம்பில் இருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய, ஒளி புகும் பிளாஸ்டிக் குழாய். படகு பம்புக்கு மட்டும் உள்ளது அது. அதில் பெட்ரோல் தெரிந்தால் உள்ளே பெட்ரோலைத் தள்ளுகிற சவ்வு, அதாவது டயாஃப்ரம், கிழிந்துவிட்டது, விசாரணை முடிந்தது, அன்றே மாற்றுங்கள், அதுவரை ஓட்டாதீர்கள். இரண்டு, எஞ்சின் ஆயில் குச்சி. அளவு ஏறியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாசனை அடித்தால், பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. கார்புரேட்டர் மிதவை நிரம்பி வழிந்தாலும் இப்படி ஆகும், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும். எதனால் ஆனாலும் நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும், ஆயிலும் ஃபில்டரும் மாற்றின பிறகுதான் சாவி போட வேண்டும். மூன்று, பிரஷர் கேஜ். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் டி வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, தண்ணீரில் பாரத்தோடு ஓடும்போது பாருங்கள். கார்புரேட்டர் எஞ்சினுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை நிற்க வேண்டும். சும்மா ஓடும்போது 6 காட்டி, வேகத்தில் 2-க்கு விழுந்தால், டாங்க் பக்கம் சுத்தம் என்று ஏற்கெனவே தெரிந்திருந்தால், பம்ப் போய்விட்டது. டிரெய்லரில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது, பாரம் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சூடானதும் நிற்பதும் ஆறினதும் ஓடுவதும் இக்னிஷன் காயிலுக்கும் உள்ள நோய்தான். நின்றவுடனே புளோவரை, அதாவது எஞ்சின் பெட்டியில் தேங்கும் ஆவியை வெளியே தள்ளுகிற விசிறியை, போட்டு வாசனை போன பிறகு, எஞ்சினை நிறுத்தி வைத்தபடியே கார்புரேட்டரின் தீத்தடுப்பு வலையைத் தூக்கி, த்ராட்டிலைக் கையால் ஒரு தடவை திறங்கள். உள்ளே பெட்ரோல் பீச்சுவது தெரிந்தால் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது, நீங்கள் தீப்பொறி பக்கம் தேட வேண்டும். வலையை மறுபடி போட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும், மறக்காதீர்கள்.

இப்போது கார் பம்ப். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், போல்ட் ஓட்டைகூட ஒத்துப்போகும். கார் பம்பில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கீழே உள்ள துளை வழியாக வெளியே சொட்டும். காரில் அது ரோட்டில் விழும், காற்று அடித்துக்கொண்டு போய்விடும். படகில் எங்கே போகும்? அடிப்பள்ளத்துக்கு, அதாவது பில்ஜுக்கு. பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நாலு மடங்கு கனம், அது மேலே ஏறிப் போகாது, கீழே தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் ஆவி சேர்ந்தாலே ஒரு பொறி போதும். படகு பம்பில் அதற்காகவே இரண்டாவது டயாஃப்ரம் வைத்து, கசிவதை அந்த பிளாஸ்டிக் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கே அனுப்புகிறார்கள். இதே காரணத்தால்தான் கார் ஸ்டார்ட்டர், கார் ஆல்டர்னேட்டரும் படகுக்கு ஆகாது. உள்ளே பொறி பறக்கும், மூடி இருக்காது. பல வருடத்துக்கு முன்னால் மிட்மர் அணையில் ஒரு படகின் எஞ்சின் பெட்டியைத் தூக்கியபோது, கார் பம்பில் இருந்து கீழே சொட்டிய பெட்ரோல் தண்ணீர் மேல் வானவில் மாதிரி பரவி நிற்பதைப் பார்த்தேன். படகில் மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பேட்டரியைக்கூடத் தொடவிடாமல் எல்லோரையும் இறக்கினோம். அந்த வாசனை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால் விலை வித்தியாசத்தை மட்டும் பார்க்காதீர்கள், தம்பி.

மாற்றும் முறை. வெளியில், நிழலில், எஞ்சின் ஆறிய பிறகு. பேட்டரியின் மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். டாங்க் பக்க ஹோஸைக் கழற்றி அடைப்பு போடுங்கள், சிந்துவதைத் துணியில் வாங்கி அந்தத் துணியைப் படகை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் உலோகக் குழாயின் நட்டைக் கழற்ற இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பம்பில் இருக்கும் நிப்பிளைப் பிடிக்க, இன்னொன்று நட்டைத் திருப்ப. ஒற்றை ஸ்பேனரில் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் குழாய் தேடி அலைய வேண்டும்.

உங்கள் 351 எஞ்சினில் பம்பின் கை நேராகக் கேம் ஷாஃப்டின் முன்னால் மையம் விலகிச் சுற்றுகிற வட்டு, எக்சென்ட்ரிக், மேல் தேய்கிறது. அது உயர்ந்த இடத்தில் நின்றிருந்தால் புதுப் பம்பை உட்கார வைக்கவே முடியாது. போல்ட்டை ஒரு சுற்று தளர்த்திவிட்டு, எஞ்சினைக் கையால் திருப்பிப் பாருங்கள், ஒரு இடத்தில் பம்ப் தளர்ந்து கொடுக்கும், அங்கே நிறுத்துங்கள். பழைய காஸ்கெட்டை முழுக்கச் சுரண்டி எடுங்கள். புதுப் பம்பின் கை நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி, உள்ளே சரியான பக்கத்தில் உட்கார்ந்ததா என்று கையால் அழுத்திப் பாருங்கள், ஸ்பிரிங் தள்ளுவது தெரிய வேண்டும். பம்ப் சமமாக உட்காரவில்லை என்றால் போல்ட் போட்டு இழுக்காதீர்கள், கை உடையும், இல்லை பம்பின் காது உடையும். இரண்டு போல்ட்டையும் மாறி மாறி இறுக்குங்கள்.

ஷெவர்லே 350 எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் பம்புக்கும் கேமுக்கும் நடுவில் ஒரு கம்பி, புஷ் ராட், இருக்கிறது. பம்பைக் கழற்றினதும் அது கீழே இறங்கி வந்துவிடும், புதுப் பம்பை வைக்க விடாது. கெட்டியான கிரீஸ் தடவி மேலே தள்ளிவிட்டால் நீங்கள் பம்பை மாட்டும் வரை ஒட்டிக்கொண்டு நிற்கும். இதைத் தெரியாமல் பாதி நாள் போராடியவர்கள் நிறையப் பேர்.

இணைப்புகளுக்கு வெள்ளை டேப் சுற்றாதீர்கள். அதன் இழை பிய்ந்து போய் கார்புரேட்டர் ஊசியில் மாட்டும். விரிந்த வாய் உள்ள நட்டுக்கு எதுவும் தேவையில்லை, மரைக்கு மட்டும் பெட்ரோல் தாங்கும் பேஸ்ட். ஹோஸ் படகுக்கு என்று செய்த, தீ தாங்கும் ரகமாக இருக்க வேண்டும், ஹோஸின் மேலேயே ஐஎஸ்ஓ 7840 என்று அச்சடித்திருக்கும். அந்த பிளாஸ்டிக் குழாயை மறக்காமல் மாட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் எஞ்சின் பெட்டியைத் திறந்தே வைத்து, குறைந்தது நாலு நிமிடம் புளோவர் ஓடவிட்டு, குனிந்து முகர்ந்து பார்த்து, அப்புறம் ஸ்டார்ட். டிரெய்லரில் ஓட்டினால் தண்ணீர்க் குழாய் மாட்டாமல் ஓட்டாதீர்கள், வறண்டு ஓடினால் குளிர்நீரை இழுக்கிற ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். ஓடும்போது ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த விரலால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: எங்களுடையது ஈஎஃப்ஐ படகு, 2003. குளிரில் ஒரே சாவியில் ஓடுகிறது. மதியம் பத்து நிமிடம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் வராது. பம்ப் வேறு கீச்சென்று கத்துகிறது. (சாட்ஸ்வர்த் வாசகர்)

பதில்: உங்கள் கதை வேறு. ஈஎஃப்ஐ, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீச்சுகிற எஞ்சின்களில் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது, பல படகுகளில் இரண்டு பம்ப்: டாங்கில் இருந்து இழுத்து வர ஒன்று, இன்ஜெக்டருக்கு அழுத்தம் கொடுக்க இன்னொன்று. சில தயாரிப்பில் இரண்டையும் ஒரு குடுவைக்குள் வைத்து எஞ்சின் பக்கத்திலேயே மாட்டியிருப்பார்கள். சில படகில் டாங்குக்குள்ளேயே ஒரே பம்ப். எது உங்களுடையது என்று முதலில் பாருங்கள்.

சாவியைப் போட்டதும் இரண்டு வினாடி ஒரு முணுமுணுப்பு கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் பம்ப் வாங்க ஓடாதீர்கள். ஃபியூஸ் பாருங்கள், ரிலே பாருங்கள். அதே மாதிரி ரிலே பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும், இரண்டையும் மாற்றி மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்புறம் மல்டிமீட்டர் வைத்து, பம்ப் ஓடும்போதே அதன் பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பேட்டரியில் 12.6 இருக்கும்போது பம்பில் 10.5 தான் வருகிறது என்றால் எங்கோ வயரில், மைனஸ் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறது. டர்பன் காற்றில் உப்பு இருக்கிறது, கராஜில் நிற்கும் படகுக்கும் அது போகும்.

கத்துகிற சத்தம் பெரும்பாலும் பட்டினிச் சத்தம். முன்னால் உள்ள ஃபில்டர் அடைத்தால் பம்ப் காற்றையும் ஆவியையும் இழுத்துக் கத்தும். முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், குடுவை உள்ள படகில் குடுவையின் அடியில் ஒரு ஃபில்டர் ஒளிந்திருக்கும், அதை வருடக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மதிய வெயிலில் மட்டும் வரும் கோளாறு, எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாவது. நிறுத்தினதும் எஞ்சின் பெட்டியைத் திறந்து புளோவரை ஓடவிடுங்கள், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் சாவியை மூன்று முறை போட்டு எடுங்கள், ஒவ்வொரு தடவையும் பம்ப் இரண்டு வினாடி ஓடட்டும். இப்படிச் செய்தால் வருகிறது என்றால் அழுத்தம் பிடித்து வைக்கிற வால்வு தேய்ந்திருக்கிறது, பம்பின் ஆயுள் முடிகிற காலம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றும் நேரத்தில் ஒரு ஆபத்து: இந்தக் குழாயில் 40 பிஎஸ்ஐக்கு மேலும் அழுத்தம் நிற்கலாம். கார்புரேட்டர் படகு மாதிரி நட்டைத் தளர்த்தினால் பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் பீச்சும். சோதனை வால்வில் துணி சுற்றி முதலில் அழுத்தத்தை இறக்க வேண்டும். இந்த வேலையை முதல் தடவை செய்பவர் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இரட்டைப் பம்பில் ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள் என்பது என் கருத்து, இரண்டும் ஒரே அழுக்குப் பெட்ரோலைத்தான் குடித்தன.

கேள்வி: மிட்மரில் நன்றாக ஓடின படகு, மாமா வீட்டுக்குப் போனபோது வால் அணையில் சோர்ந்துவிட்டது. நின்றுபோகவில்லை, ஆனால் ஆளைத் தூக்கவே திணறுகிறது. பம்ப் பலவீனமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: பம்பை விட்டுவிடுங்கள். வால் அணை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,480 மீட்டர் மேலே. மிட்மர் சுமார் 1,040. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, 300 மீட்டருக்கு மூன்று சதவீதம் என்று சக்தி குறையும், அப்படியென்றால் கடலோரத்தை விட மிட்மரில் 10 சதவீதம், வாலில் 15 சதவீதம் கம்மி. கார்புரேட்டர் எஞ்சினில் பெட்ரோல் அளவு அதே, காற்று மட்டும் குறைவு, அதனால் கலவை கெட்டியாகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கறுப்பாகப் புகை படிந்திருக்கும். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் பிளக் வெளுத்திருக்கும். அங்கேயே தங்கி ஓட்டப்போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற துளையான ஜெட்டைச் சின்னதாகவும், இறக்கைச் சாய்வு (பிட்ச்) குறைந்த புரொப்பெல்லரும் போடலாம், ஒரு வாரத்துக்குப் போனால் அப்படியே ஓட்டுங்கள். ஆனால் திரும்பி வரும்போது ஜெட்டையும் திருப்பி மாற்றாமல் டர்பனில் முழு வேகம் ஓட்டாதீர்கள், பிஸ்டன் பொத்துக்கொள்ளும்.

கேள்வி: என் வீட்டுக்காரரும் மகனும் கராஜில் வைத்துப் படகு பம்ப் மாற்றுகிறார்கள். இரண்டு நாளாக வீட்டுக்குள் பெட்ரோல் வாசனை. கராஜுக்குள்தான் கேஸ் கீசரும் இருக்கிறது. நான் சொன்னால் கேட்கவில்லை, நீங்கள் எழுதினால் கேட்பார்கள். (டோங்காட் வாசகி)

பதில்: அம்மா, இந்த இதழைக் கையில் கொடுங்கள். ஐயா, தம்பி, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இன்றைக்கே படகை வெளியே தள்ளுங்கள். கீசருக்குள் எப்போதும் எரிகிற சின்னச் சுடரோ, தானாகப் பற்றவைக்கிற பொறியோ இருக்கும். ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து அங்கே போய்ச் சேரும், நீங்கள் நிற்கும் இடத்தில் வாசனை குறைவாக இருக்கலாம், தரையில் அப்படி இருக்காது. கராஜ் கதவைத் திறங்கள், கீசரின் கேஸை மூடுங்கள், ஆவி போகும் வரை விளக்குச் சுவிட்சைத் தட்டாதீர்கள், மின்விசிறி வைத்து ஊதாதீர்கள், அந்த விசிறி மோட்டாரிலும் பொறி உண்டு. சிந்தின பெட்ரோலைப் பூனை மணலிலோ சாதா மணலிலோ உறிஞ்சவிட்டு, மண்ணையும் துணியையும் திறந்த வெளியில் காய வையுங்கள். பெட்ரோலை ஒரு நாளும் ஐஸ்கிரீம் டப்பாவில் வைக்காதீர்கள், டப்பா இளகும்.

இரண்டு நாளாகியும் வாசனை போகவில்லை என்றால் இன்னும் எங்கோ கசிகிறது. டாங்க் ஹோஸை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன், டாங்க் மேலே, ஹோஸ் முனை கீழே என்றால் வடிந்துகொண்டே இருக்கும். அதை முதலில் பாருங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் பம்பைத் தூக்கிவிட்டு மின்சாரப் பம்ப் போட்டேன், இக்னிஷன் வயரோடு நேராக இணைத்தேன். நன்றாக ஓடுகிறது. சரிதானே? (ஸ்டாங்கர் வாசகர்)

பதில்: ஓடுகிறது, ஆனால் சரியில்லை. எஞ்சின் நின்றுபோய் சாவி மட்டும் போட்டபடி இருந்தால் உங்கள் பம்ப் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு ஹோஸ் கழன்று எஞ்சின் நின்றது என்று வையுங்கள், நீங்கள் கயிற்றில் இருக்கும் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பம்ப் படகுக்குள் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு ஆயில் பிரஷர் சுவிட்ச் போடுங்கள். ஆயில் அழுத்தம் இருந்தால்தான் பம்புக்கு மின்சாரம், எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கும். ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டர் பக்கத்தில் இருந்து தனி வயர் வரும், அதற்கென்றே மூன்று முனை உள்ள சுவிட்ச் கிடைக்கிறது. பம்ப் படகுக்கென்று செய்த, பொறி வெளிவராத ரகமா என்றும் பாருங்கள். பழைய பம்ப் இருந்த ஓட்டையை காஸ்கெட்டும் தகடும் போட்டு மூடினீர்களா? நீங்கள் அதை எழுதவில்லை.

கேள்வி: எங்களுடையது கடலுக்குப் போகிற ஸ்கீ போட், இரண்டு அவுட்போர்டு. ஒன்று வேகத்தில் இறங்குகிறது. இந்த விஷயமெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா? (இசிப்பிங்கோ வாசகர்)

பதில்: பொருந்தும், உங்களுக்கு ஒரு வசதி அதிகம்: ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்ப், கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுகிற உருண்டை. எஞ்சின் திணறும் நேரத்தில் அதைத் தொட்டுப் பாருங்கள். தட்டையாகச் சப்பிப்போயிருந்தால் டாங்க் பக்கம் அடைப்பு, காற்றுத் துளையோ உறிஞ்சு குழாயோ. அழுத்திக்கொடுத்தால் எஞ்சின் துள்ளி எழுகிறது என்றால், எஞ்சினில் உள்ள பம்ப் இழுக்கவில்லை, இல்லை எங்கோ காற்று இழுக்கிறது. கெட்டியாகவே இருந்து எஞ்சின் திணறினால் எஞ்சினுக்குள்ளே தேடுங்கள். இரண்டு எஞ்சினுக்கும் டாங்க் தனித்தனி என்றால் ஹோஸை மாற்றி மாட்டிப் பாருங்கள், கோளாறு ஹோஸோடு அடுத்த எஞ்சினுக்குப் போகிறதா, அங்கேயே நிற்கிறதா என்று.

ஆனால் உங்களுக்கும் அணைக்காரருக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அணையில் எஞ்சின் நின்றால் துடுப்புப் போட்டுக் கரைக்கு வரலாம். நீங்கள் அலை உடைகிற இடத்தில், பின்னால் ஒரு பெரிய அலை எழும்பும் நேரத்தில் ஒரு எஞ்சினை இழந்தால் படகு திரும்பிவிடும். அதனால் ஒரு எஞ்சின் சந்தேகமாக இருக்கும்போது இன்னொன்று இருக்கிறதே என்று அலையைத் தாண்டப் போகாதீர்கள். கரையில் சரிசெய்து, துறைமுகத்துக்குள் அரை மணி நேரம் பாரத்தோடு ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் கடலுக்குப் போங்கள்.